மறுமையின் கணக்கும் இம்மையின் சுவரும்

நவம்பர் 2, மரித்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாள். ஆண்டுதோறும் அன்று மாலை தொப்பம்பட்டியிலிருந்து புறப்பட்டு, நான் பிறந்த ஊரின் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வது என் வழக்கம். திண்டுக்கல் சமவெளியில் உள்ள அந்த ஊரின் பெயர் இங்குத் தேவையில்லை. படிக்கிற உங்களுள் பலர் அதைத் தம் சொந்த ஊராகவே எண்ணிக்கொள்வீர்கள்.

கல்லறைகளுக்கு வெள்ளையடித்திருப்பார்கள். செவ்வந்தி மாலையும் மெழுகுதிரியும் ஊதுவத்தியுமாக ஊரே அங்குத் திரண்டிருக்கும். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். வாசலை ஒட்டிப் பளிங்குக் கல்லறைகள். அவற்றின் பின்னே சிமெண்டுக் கல்லறைகள். அதற்கும் அப்பால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மண்மேடுகளும், காய்ந்த குச்சிகளைக் கட்டி நட்ட சிலுவைகளும். எந்தப் பக்கம் யாருக்கு உரியது என்று அங்கே எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவையில்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஊரில் பல ஆண்டுகள் ஞாயிறு மறைக்கல்வி கற்பித்தவன் நான். மனிதனுடைய இறுதி நிலைகள் நான்கு: மரணம், தீர்வை, மோட்சம், நரகம். இதைப் பிள்ளைகள் தூக்கத்திலும் பிழையின்றிச் சொல்வார்கள். கடவுள் ஆளைப் பார்த்துத் தீர்ப்பிட மாட்டார் என்றும் சொல்வார்கள். நான் வாயால் கற்பித்ததை அந்தக் கிளுவை வேலி வாயில்லாமலே மறுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எதை நம்பினார்கள் என்பதை அவர்கள் வளர்ந்தபின் கண்டேன். அவர்களுள் சிலர் இன்று அந்த வேலிக்குப் பதில் செங்கற்சுவர் கட்ட நிதி திரட்டுகிறார்கள்!

ஆகவே இக்கட்டுரையில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட விரும்புகிறேன். தீர்வை உண்டு என்று நம்புகிறவன் கல்லறையில் வேலி கட்டமாட்டான். வேலி கட்டுகிறவன் விசுவாசப் பிரமாணத்தை எத்தனை முறை சொன்னாலும், ஆண்டவர் சீவியரையும் மரித்தோரையும் நடுத்தீர்க்க வருவார் என்பதை அவன் நம்பவில்லை.

கடுமையான சொல் என்பீர்கள். திருச்சபையின் போதனையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இறந்த ஆன்மா உடனே தீர்ப்பைச் சந்திக்கிறதா, உலக முடிவுவரை காத்திருக்கிறதா என்ற வினா ஒரு காலத்தில் திருத்தந்தையர் அவையையே கலக்கியது. 14-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை இருபத்திரண்டாம் அருளப்பர், பொதுத் தீர்வைக்குப் பின்னரே புனிதர்கள் இறைவனை முகமுகமாய்க் காண்பர் என்று தம் மறையுரைகளில் கூறினார். இறையியலார் எதிர்த்தனர். 1334-இல் மரணப் படுக்கையில் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல் ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்தார்: தூய்மை பெற வேண்டியது எதுவும் இல்லாத ஆன்மாக்கள் இறந்த உடனேயே இறைக் காட்சியைப் பெறுகின்றன, தூய்மை பெற வேண்டியவை அதன்பின் பெறுகின்றன. ஒரு திருத்தந்தையின் கருத்தே திருத்தப்படும் அளவுக்கு நம் திருச்சபை இவ்விஷயத்தைக் கருத்தாக எடுத்துக்கொண்டது. அந்தத் தனித் தீர்வைக்கு ஆன்மா போகும்போது அதன் கையில் என்ன இருக்கும்? குலப் பெருமை இருக்குமா? கோவில் கட்டக் கொடுத்த நன்கொடையின் கல்வெட்டு இருக்குமா? அன்பு செய்ததும் செய்யத் தவறியதும் தவிர வேறொன்றும் இராது.

இனிப் பேறுபலன் பற்றிப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோர் மோட்சத்தை ஒரு வங்கியாகவே நினைக்கிறோம். இத்தனை ஜெபமாலை, இத்தனை நவநாள், இத்தனை பூசை என்று கணக்கில் வரவு வைக்கிறோம். கடைசி நாளில் வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறோம். 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம் பேறுபலன்களைப் பற்றித் தன் போதனையை வகுத்தபோது, நற்செயலுக்குக் கைம்மாறு உண்டு என்று உறுதியாகக் கூறியது. அதே மூச்சில், அந்தப் பேறுபலனே இறைவன் நமக்குத் தந்த கொடை என்றும் கூறியது. தாம் கொடுத்ததற்கே தந்தை பரிசளிக்கிறார். இதில் நாம் மார்தட்ட என்ன இருக்கிறது?

திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையை மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறோம். விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி. காலையில் வந்தவன் முணுமுணுக்கிறான். அவன் முணுமுணுப்பைக் கூர்ந்து கேளுங்கள். தன் கூலி குறைந்தது என்பது அவன் புகார் அன்று. கடைசியில் வந்தவர்களைத் தனக்குச் சமமாக்கிவிட்டதே அவனுக்குப் பொறுக்கவில்லை. நம் கல்லறைத் தோட்டங்களில் கேட்பது இதே முணுமுணுப்புத்தான். தன் தந்தைக்கு இடம் கிடைக்கவில்லை என்று அங்கு எவரும் சண்டையிடவில்லை. பக்கத்தில் இன்னாருக்கும் இடம் கிடைத்துவிடுமே என்றுதான் சண்டை.

அப்படியானால் செயல்களுக்கு இடமே இல்லையா என்று சிலர் கேட்பர். உண்டு. அதைத்தான் மத்தேயு 25-ஆம் அதிகாரம் அஞ்சத்தக்க தெளிவோடு சொல்கிறது. பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்கு நீர், அந்நியனுக்கு இடம், ஆடையற்றவனுக்கு ஆடை, நோயாளிக்கும் சிறைப்பட்டவனுக்கும் துணை என ஆறு செயல்களை அங்கே ஆண்டவர் எண்ணுகிறார். இந்த ஆறோடு திருச்சபை மரபு ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தது. மறைக்கல்வியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: மரித்தோரை அடக்கம் செய்தல். தோபித்து ஆகமத்தின் தோபித்து, அரசனின் சினத்துக்கும் அயலாரின் ஏளனத்துக்கும் அஞ்சாமல், தெருவில் கிடந்த தன் இனத்தார் சடலங்களை அடக்கம் செய்தார். அதனால் உடைமைகளை இழந்தார். உயிருக்கு அஞ்சி ஓடினார். அவரை முன்மாதிரியாகக் கொண்ட ஏழாவது இரக்கச் செயலையே நாம் சாதியின் கடைசிக் கோட்டையாக மாற்றிவிட்டோம். இரக்கம் காட்ட வேண்டிய இடத்தில் எல்லை அளக்கிறோம்.

இது ஏதோ ஒரு பட்டிக்காட்டின் குறை என்று ஒதுக்கிவிட முடியுமா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி நாடறியப் பேச்சு எழுந்தது. நம் திண்டுக்கல் மறைமாவட்டம் 2003-இல் பிரிந்து வந்ததும் அதே திருச்சி மறைமாவட்டத்திலிருந்துதான். எனவே அது அயலார் கதை அன்று. 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி இருவர் இறந்தனர். ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் தாக்கினர். தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவர்களிடையே சாதியின் சாயல்கூட இருத்தல் ஆகாது என்று எச்சரித்தது 2003 நவம்பரில். இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது 2016-இல். ஏடுகள் வந்துவிட்டன. வேலி நகரவில்லை.

இந்தப் புண்ணின் வயதை எண்ணிப் பாருங்கள். 1703-இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் துர்னோன் 1704-இல் வெளியிட்ட ஆணைகளுள் ஒன்று, தாழ்த்தப்பட்டோர் இல்லங்களுக்குள் குருக்கள் நுழைந்து, சாகக் கிடப்போருக்குத் திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் அதை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. ஓர் ஆன்மா தீர்வைக்குப் புறப்படும் அந்த நேரத்திலும் வாசற்படியைத் தாண்டலாமா கூடாதா என்று நாற்பது ஆண்டுகள் வழக்காடினார்கள்! குருக்கள் இன்று எல்லா வாசற்படிகளையும் தாண்டுகிறார்கள், நன்றி. ஆனால் சடலம் கல்லறை வாசலைத் தாண்டியதும் பழைய வழக்கு மறுபடியும் தொடங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கூறவேண்டும். தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நோபிலி, புனர்ஜென்ம ஆட்சேபம் என்ற நூலை எழுதினார். மனிதனுக்கு வாழ்வு ஒன்றே, மரணம் ஒன்றே, அதன்பின் தீர்வை என்பது அவர் வாதம். அவர் சாதி வழக்கங்களை எதிர்த்தவர் அல்லர். அவற்றுக்கு இணங்கியே பணியாற்றினார். ஆனால் அவருடைய வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுசெல்லுங்கள். முற்பிறவி இல்லையெனில், எந்தப் பிறப்பும் முன்வினையின் தண்டனையாக இருக்க முடியாது. எந்தப் பிறப்பும் முன்வினையின் பரிசாகவும் இருக்க முடியாது. பிறவிச் சுழற்சியை ஏட்டில் மறுத்துவிட்டு, அதன் விளைவாகச் சொல்லப்படும் உயர்வு தாழ்வை மட்டும் கல்லறையில் காத்துவருகிறோம். மரத்தை வெட்டிவிட்டுக் கனியைப் பத்திரப்படுத்துவது என்ன நியாயம்?

ஊர்ப் பெரியவர்கள் கூறும் மறுமொழிகள் எனக்குத் தெரியாதவை அல்ல. முன்னோர் வழக்கத்தை மாற்றினால் ஊர் அமைதி கெடும் என்பார்கள். யாருடைய அமைதி? வேலிக்கு இந்தப் பக்கத்தில் உள்ளவர்களின் அமைதிதானே அது? அந்தப் பக்கத்தில் உள்ளவர்கள் ஒவ்வொரு சாவிலும் அவமானத்தைச் சேர்த்தே புதைத்துவிட்டு வருகிறார்கள்.

இதைவிடப் பக்தியான மறுமொழி ஒன்றும் உண்டு. அதுவே மிகவும் ஆபத்தானது. "இங்கே எப்படி இருந்தால் என்ன, மோட்சத்தில் எல்லாரும் சமம், பொறுத்திருந்தால் அங்கே பலன் உண்டு" என்பார்கள். இதைச் சொல்கிறவர் எப்போதும் வேலிக்கு இந்தப் பக்கத்தில் நின்றே சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். மதத்தை அபினி என்று 19-ஆம் நூற்றாண்டில் மார்க்ஸ் எழுதியதற்கு நாம் கோபப்படுகிறோம். ஆனால் மறுமையின் பரிசைக் காட்டி இம்மையின் அநீதியை உறங்கவைக்கிற ஒவ்வொரு நாளும் நாமே அவருக்குச் சாட்சி சொல்கிறோம். வரவிருக்கும் வாழ்வின் நம்பிக்கை மண்ணுலகக் கடமையைக் குறைப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே தெளிவாக்கிவிட்டது.

செல்வனும் இலாசரும் உவமையை லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். செல்வன் இறந்துவிட்டான்; நெருப்பில் வேகிறான். அப்போதும் அவன் இலாசரிடம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அபிரகாமிடம்தான் பேசுகிறான். இலாசரை அனுப்பி என் நாவைக் குளிரச் செய்யும் என்கிறான். அது முடியாது என்றதும், இலாசரை என் சகோதரர்களிடம் தூது அனுப்பும் என்கிறான். உலகில் தன் வாசலில் கிடந்தவனைத் திரும்பிப் பாராதவன், பாதாளத்திலும் அவனை ஏவலாளாகவே காண்கிறான்! அவர்களுக்கிடையே கடக்க முடியாத பெரும்பள்ளம் இருந்ததாக ஆண்டவர் கூறுகிறார். அந்தப் பள்ளத்தைக் கடவுள் வெட்டினாரா? அவன் தன் வீட்டு வாசலில், தன் வாழ்நாள் முழுவதும், தானே வெட்டினான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நரகம் என்பது நாம் கட்டிய வேலி நிலைத்துப்போன இடம்.

இந்நாளில் வேறு சிலர், தீர்வையைப் பற்றிப் பேசுவதே வேண்டாம், அது பழைய அச்சுறுத்தல் என்கின்றனர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பயமுறுத்திப் பணிய வைக்கும் பிரசங்கம் ஒழியட்டும். ஆனால் தீர்வையையே நீக்கிவிட்டால் நட்டப்படுபவர் யார்? நீதிமன்றத்திலும் பஞ்சாயத்திலும் பங்குப் பேரவையிலும் தோற்றுப்போன ஏழைக்கு எஞ்சியிருப்பது, தன் வழக்கை எடுத்துக் கேட்கும் ஒருவர் இருக்கிறார் என்ற உறுதிதான். வரலாற்றின் அநீதி இறுதிச் சொல்லாக இருக்க முடியாது என்பதே நித்திய வாழ்வில் நம்பிக்கை வைப்பதற்கு வலுவான காரணம் என்று 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் சுற்றுமடலில் எழுதினார். தீர்வை, ஒடுக்கப்பட்டவனுக்கு நற்செய்தி. அதை எடுத்துவிட நமக்கு உரிமையில்லை.

இங்கே என் குற்றத்தையும் அறிக்கையிட வேண்டும். என் தந்தை இறந்தபோது முப்பது நாள் தொடர்ந்து கிரகோரியன் பூசைகளுக்கு ஏற்பாடு செய்தேன். கருங்கல்லில் கல்லறை எழுப்பினேன். அவர் கடைசி ஈராண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, அவர் அழுக்கைத் துடைத்தவர் எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு தாய். அவரும் ஞானஸ்நானம் பெற்றவரே. என் தந்தைக்குப் பின் பதினொரு மாதத்தில் அவரும் இறந்தார். செய்தி வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். மாலையில் போகலாம் என்று இருந்துவிட்டேன். போகவில்லை. அவருக்கு ஒரு பூசையும் வைக்கவில்லை. வேலிக்கு அப்பால் எந்த மேடு அவருடையது என்று இன்று எனக்குத் தெரியாது. நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வந்தாயா என்று ஆண்டவர் கேட்கும்போது, என் தந்தையின் பெயரால் பதில் சொல்லத் தகுதியுள்ளவர் அந்தத் தாய்தான். நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

மரித்தோருக்காக மன்றாடுவது புனிதமான செயல். யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்பியது போரில் வீழ்ந்த தன் வீரர்களின் பாவத்திற்காக. அது அவர்களுக்குப் பளிங்கு எழுப்ப அன்று. பூசைக்கான காணிக்கையில் வாணிகத்தின் நிழலும் படலாகாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கட்டளையிடுகிறது. எளியோருக்காகக் காணிக்கையின்றியும் பூசை ஒப்புக்கொடுக்கக் குருக்களை அது வேண்டிக்கொள்கிறது. அதே தொகுப்பின் 1181-ஆம் எண், அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து வேறுபாடு காட்டலாகாது, ஏழைக்குத் தகுந்த அடக்கம் மறுக்கப்படலாகாது என்கிறது. ஆகவே நான் கேட்பது புரட்சி அன்று. சட்டமாகவே உள்ளதை நடைமுறைப்படுத்தும்படி கேட்கிறேன்.

ஆகஸ்டு 10-ஆம் நாள் வரும்போது நாம் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவருக்கு அட்டவணைச் சாதியினரின் உரிமையை மறுத்ததே என்று நீதி கேட்கிறோம். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவை எங்களுக்கும் திற என்கிறோம். நியாயமான கோரிக்கை. ஆகஸ்டு மாதம் அரசிடம் நீதி கேட்கும் நாவு, நவம்பர் மாதம் கல்லறை வேலியைப் பார்த்து ஏன் மௌனமாகிவிடுகிறது? தில்லிக்கு அனுப்பும் மனுவில் ஒரு படியையாவது நம் பங்குப் பேரவைக்கும் அனுப்பக் கூடாதா?

அன்புக்குரிய வாசகர்களே, இரங்கிப் பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. நம் பங்குகளில் இவ்வாண்டே செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்கிறேன். இனி இறப்பவர் எவராயினும், இறந்த வரிசைப்படியே அடுத்த குழி அவருக்கு. பங்குக்கு ஒரே சவவண்டி. அது எல்லாத் தெருக்களுக்கும் போகவேண்டும். மணி ஒலிப்பதிலும் பீடம் அலங்கரிப்பதிலும் ஆளுக்கொரு முறை இல்லை. வேண்டிக்கொள்ள எவரும் இல்லாத ஆன்மாக்களுக்காக மாதம் ஒரு பூசை, பங்கின் பொதுச் செலவில். பழைய கல்லறைகளைத் தோண்டச் சொல்லவில்லை. வேலியை மட்டும் பிடுங்கினால் போதும். கிளுவை வேலிக்கு அஸ்திவாரம் இல்லை. நாலு பேர் சேர்ந்தால் அரை நாள் வேலை.

என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். என் தந்தையின் கருங்கல்லுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒதுக்கிய இடம் எனக்கு வேண்டாம். நான் இறக்கும் நாளில் வேலி இன்னும் நிற்குமானால், அதற்கு அப்பால் என்னை வைத்துவிடுங்கள். அந்தத் தாயின் மேடு எது என்று தெரியாவிட்டாலும், அவருடைய பக்கத்தில் இருப்பேன். ஆனால் அதற்குள் வேலி போய்விட்டால் இந்த வேண்டுகோளுக்கே தேவை இராது. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இந்த நான்கையும் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். உங்கள் பங்கில் கொடுக்கப் போவது யார்?